கெட்ட செய்தி மேலே வருகிறதா? நல்ல பணியிடத்துக்குத் தலைமை பழக வேண்டிய 7 விஷயங்கள்

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்பதுதான் அன்றைய தலைப்புச் செய்தி. ஆனால் திருவாரூர் மாவட்டம் குடவாசல் பக்கத்து விவசாயியிடம் கேட்டால் அவருடைய கேள்வியே வேறு: "அதெல்லாம் சரி, நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி வந்துடுச்சா?"

அணையில் திறந்த தண்ணீர் கல்லணை வந்து, கிளை ஆறுகளில் பிரிந்து, வாய்க்கால் வழியாகக் கடைமடை வயலைத் தொட்ட பிறகுதான் டெல்டாவில் அது 'தண்ணீர் திறப்பு'. நடுவில் ஒரு மதகு அடைத்திருந்தாலோ, கரை உடைந்திருந்தாலோ, அந்தத் தகவல் மேலே போயாக வேண்டும். போகாவிட்டால் அணையில் இருப்பவருக்குக் கணக்கு சரியாக இருக்கும், வயல் காய்ந்து கிடக்கும்.

அலுவலகமும் இப்படித்தான். 'எங்கள் ஊழியர்கள்தான் எங்கள் சொத்து' என்று சுவரில் எழுதிவைப்பது சுலபம். அந்த மரியாதை கடைசி ஊழியர் வரை போகிறதா, அவருக்குத் தெரிந்த பிரச்சினை தலைமையின் காதுக்கு வருகிறதா என்பதில்தான் பணியிடத்தின் ஆரோக்கியம் இருக்கிறது. இந்த இரண்டையும் சாத்தியமாக்கும் அன்றாடப் பழக்கங்கள் எவை? பார்ப்போம்.

பணியிடக் கலாசாரம் என்றால் என்ன?

பிறந்தநாள் கேக், டீம் அவுட்டிங், அலுவலகத்தில் கேரம் போர்டு எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் அவை கலாசாரம் அல்ல. யாராவது தப்பு செய்தால் என்ன நடக்கிறது, யாருக்கு லீவு கிடைக்கிறது, கூட்டத்தில் யார் பேசினால் மற்றவர்கள் கேட்கிறார்கள், காபி கொண்டுவருபவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பவைதான் கலாசாரம். புதிதாகச் சேர்ந்தவர் இதை ஒரே வாரத்தில் புரிந்துகொள்வார். அவர் படிப்பது கையேட்டை அல்ல, மேலாளரின் முகத்தை.

ஓர் உதாரணம். அறுவடைக் காலத்தில் டெல்டா முழுக்க நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் திறக்கப்படுகின்றன. பட்டியல் எழுத்தர், உதவியாளர், காவலர், சுமை தூக்கும் தொழிலாளர்கள் என்று சிறு குழுதான் ஒவ்வொன்றையும் நடத்துகிறது. நெல்லின் ஈரப்பதம் பொதுவாக 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படி ஒரு நிலையத்தில் சாக்கு இன்னும் இரண்டு நாளைக்குத்தான் வரும் என்பது உதவியாளருக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். போன தடவை சொன்னபோது "உன் வேலையை மட்டும் பாரு" என்று பதில் கிடைத்திருந்தால், இந்த முறை அவர் வாயைத் திறப்பாரா? மாட்டார். மூன்றாம் நாள் கொள்முதல் நிற்கும். அன்று மழை பெய்தால் களத்தில் கொட்டிக் கிடக்கும் நெல் முளைக்கும். ஒருவர் சொல்லத் தயங்கியதற்கான விலையை விவசாயி கொடுப்பார்.

ஏன் யாரும் சொல்வதில்லை?

1990-களில் அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாகச் செயல்படும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கிடைத்த விடை தலைகீழ். நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. காரணம், அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதல்ல, தவறுகளை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே. மற்ற குழுக்களில் தவறு நடந்தது, பயத்தில் பதிவாகவில்லை.

'இதைச் சொன்னால் நம்மை அவமானப்படுத்த மாட்டார்கள், பழிவாங்க மாட்டார்கள்' என்று குழுவில் எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கைக்கு 'உளவியல் பாதுகாப்பு' என்று பெயர். கூகுள் நிறுவனம் 2012-இல் தொடங்கி தன்னுடைய சுமார் 180 குழுக்களை ஆராய்ந்தபோதும், சிறந்த குழுக்களின் அடையாளங்களில் இதுதான் முதலிடத்தில் வந்தது. யார் எந்தக் கல்லூரியில் படித்தார் என்பது அவ்வளவு முக்கியமாக இருக்கவில்லை.

இது மேல்நாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த புதுச் சரக்கும் அல்ல. குறை கண்டால் இடித்துச் சொல்லும் பெரியவர்களை அரசன் அருகிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் திருக்குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும்?

கேட்கப்படாத குறை காணாமல் போவதில்லை, வேறு வடிவத்தில் திரும்பி வரும். டெல்டாவுக்கு இது நன்றாகவே தெரியும். பழைய தஞ்சை மாவட்டத்தின் பண்ணைகளில் வேலை செய்த பண்ணையாட்கள், பெரும்பாலும் தலித் மக்கள், எதிர்த்துப் பேசினால் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாகக் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. 1940-களில் பி.சீனிவாசராவ் போன்றவர்களின் முயற்சியில் விவசாயத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டார்கள். 1944-இல் மன்னார்குடியில் மிராசுதார்களுடன் ஏற்பட்ட ஒப்பந்தம் அந்தத் தண்டனைகளுக்கு முடிவு கட்டியது. 1952-இல் தஞ்சை மாவட்டக் குத்தகைதாரர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்பு அளிக்கும் அவசரச் சட்டமும் வந்தது. அந்தத் தொழிலாளர்கள் கூலி மட்டும் கேட்கவில்லை, மனிதராக நடத்தச் சொன்னார்கள்.

அண்மைக்கால உதாரணம் ஜவுளிக்கடை. நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கும் விற்பனைப் பெண்களுக்குக் கால் வீக்கமும் முதுகுவலியும் வருவது எல்லா முதலாளிகளுக்கும் தெரியக்கூடிய விஷயம்தான். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார ஒரு ஸ்டூல் போட யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனாலும் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு 2018-இல்தான் கேரளத்தில் சட்டம் திருத்தப்பட்டது. 2021-இல் தமிழ்நாடு தன்னுடைய 1947-ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி கட்டாயம் என்றது. ஒரு ஸ்டூலுக்குச் சட்டமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்றால், கடைக்குள் அந்தக் குறை எத்தனை நாள் கேட்கப்படாமல் கிடந்திருக்கும்!

இன்று ஐ.டி. நிறுவனத்தில் அதே குறை திடீர் ராஜினாமாவாக வருகிறது. "பர்சனல் ரீசன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். உண்மைக் காரணம் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியும், மேலாளருக்கு மட்டும் தெரியாது.

இதைத் தவிர்க்கத் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் பழக வேண்டியவை 7. நான்கு பேர் கொண்ட குழுவின் டீம் லீடுக்கும், நாற்பது பேர் வேலை செய்யும் கடை முதலாளிக்கும் இவை பொருந்தும்.

1. முதல் 10 விநாடியைக் கட்டுப்படுத்துங்கள்

"சார், ஒரு சின்ன பிரச்சினை" என்று ஒருவர் வந்து நிற்கும்போது தலைமையின் முதல் எதிர்வினை என்ன? இதைப் பொறுத்துத்தான் அடுத்த பிரச்சினை சீக்கிரம் வருமா, தாமதமாக வருமா என்பது முடிவாகிறது. "யாரு செஞ்சது?" என்று ஆரம்பித்தால் எல்லோரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். "நல்லவேளை இப்பவே சொன்னீங்க. இப்போதைக்கு என்ன செய்யலாம்?" என்று ஆரம்பித்தால் வேலை நடக்கும். காரணத்தைப் பிறகு நிதானமாக ஆராயலாம், ஆராயவும் வேண்டும். தவறைச் சொன்னவரைத் தண்டிக்காமல் இருப்பது என்றால் தவறைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று அர்த்தமில்லை. தெரிந்தும் மறைத்தவருக்கும், தானாக வந்து சொன்னவருக்கும் ஒரே தண்டனை இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

2. தினமும் 10 நிமிடம், ஜூனியர் முதலில்

வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் நடக்கும் கூட்டத்தைவிட, தினமும் ஒரே நேரத்தில் 10 நிமிடம் பேசுவது பலன் தரும். மூன்றே கேள்விகள் போதும்: நேற்று எங்கே மாட்டிக்கொண்டோம்? இன்று எது தாமதமாகலாம்? யாருக்கு உதவி தேவை?

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தலைவர் முதலில் கருத்தைச் சொல்லிவிட்டால், மற்றவர்கள் அதற்குத் தலையாட்டுவார்கள். 'மேடமே சொல்லிட்டாங்க, நாம எதுக்கு?' என்ற மனநிலை வந்துவிடும். அதனால் வயதிலும் பதவியிலும் இளையவர் முதலில் பேச வேண்டும், தலைவர் கடைசியில் பேச வேண்டும். பெரியவர்கள் முன் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நிறைந்த நம் அலுவலகங்களில் இந்த வரிசை மாற்றம் இன்னும் முக்கியம்.

3. இடத்துக்கே போய்ப் பாருங்கள்

ஆற்றுக்குப் பொறுப்பான அதிகாரிக்கு எவ்வளவு தகவல் திரையில் வந்தாலும், லஸ்கர்கள் கரையில் நடந்து பார்த்துச் சொல்வதற்கு ஈடில்லை. ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் இதற்கு 'கெஞ்சி கெம்புட்சு' என்று பெயர். வேலை நடக்கும் இடத்துக்கே போய், வேலை செய்பவரிடமே கேட்பது. அதே நிறுவனத்தில் குறை கண்ட எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து எச்சரிக்கலாம். பிரச்சினை தீராவிட்டால் உற்பத்தியே நிறுத்தப்படும்.

குடவாசலிலிருந்து கும்பகோணம் போகும் வழியில் இருக்கும் நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்குப் பேர் போன ஊர். அந்தப் பட்டறை வேலையில் வார்ப்பில் விழுந்த சிறு குறை சில நேரம் கடைசல் பிடிக்கும்போதுதான் கண்ணில் படும். கடைசல்காரர் வார்ப்பவரிடம் தயங்காமல் சொல்ல முடிந்தால் அடுத்த விளக்கு சரியாக வரும். மென்பொருள் சோதிப்பவருக்கும் அதை எழுதியவருக்கும் இடையிலும் இதே உறவுதான் தேவை.

போய்ப் பார்ப்பது திடீர் சோதனை அல்ல. "எது உங்க வேலையைக் கஷ்டமாக்குது?" என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொண்டு திரும்புவது.

4. தோல்வி என்னுடையது, வெற்றி உங்களுடையது

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் சோதனைப் பயணம் தோல்வியில் முடிந்தது. திட்ட இயக்குநர் ராமேஸ்வரத்துக்காரரான ஏ.பி.ஜே.அப்துல் கலாம். செய்தியாளர்கள் முன் அவரை நிறுத்தாமல், இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் தானே போய் நின்றார். தோல்விக்கான பொறுப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டார். 1980 ஜூலை 18 அன்று அதே ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. இந்த முறை செய்தியாளர்களைச் சந்திக்கும்படி கலாமிடம் சொன்னார் தவன். தலைமைப் பண்பு பற்றிக் கேட்டபோதெல்லாம் கலாம் பல மேடைகளில் பகிர்ந்துகொண்ட அனுபவம் இது.

அன்றாட அலுவலகத்தில் இதன் வடிவம் எளிது. கிளையன்ட்டிடமோ மேலதிகாரியிடமோ பேசும்போது "எங்க டீம்ல ஒருத்தர் சொதப்பிட்டார்" என்பதற்குப் பதில் "நாங்க தவறவிட்டோம், நான் சரி பண்றேன்" என்பது. நல்லது நடந்தால் செய்தவரின் பெயரைச் சொல்வது. திருத்த வேண்டியதைத் தனியாக அழைத்துச் சொல்வது, பாராட்ட வேண்டியதை எல்லோர் முன்பும் சொல்வது.

5. வேலை நேரத்துக்கு எல்லை வையுங்கள்

வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று தொழிலதிபர்கள் பேசும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் நிறைவேறி, கடும் எதிர்ப்பால் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, பின்னர் திரும்பப் பெறப்பட்டது. சட்டம் மாறாவிட்டாலும் வாட்ஸ்அப் வழியாக வேலை நேரம் நீண்டுகொண்டேதான் போகிறது. இரவு 10 மணிக்கு மேலாளர் அனுப்பும் "ஃப்ரீயா இருந்தா பாருங்க" என்ற செய்தியை எந்த ஊழியரும் 'ஃப்ரீயா இருந்தா' என்று படிப்பதில்லை.

செய்ய வேண்டியது: அவசரம் என்றால் போன், மற்றதெல்லாம் காலையில் என்று ஒரு விதி. இரவில் தோன்றியதை எழுதி, காலையில் போகும்படி நேரம் குறித்து வைப்பது. முக்கியமாக, தலைவர் தானும் லீவு எடுப்பது. அவர் எடுக்காத லீவை அவர் குழுவில் யாரும் நிம்மதியாக எடுக்க முடியாது.

6. எல்லோருக்கும் ஒரே அளவுகோல்

சின்ன ஊரில் முதலாளியும் ஊழியரும் ஏதோ ஒரு வகையில் தெரிந்தவர்களாக இருப்பார்கள். "நம்ம பையன்", "நம்ம தெரு" என்ற பாசம் வேலைக்கு ஆள் கிடைக்க உதவும். ஆனால் தீபாவளிக்கு முதல் நாள் யாருக்கு லீவு, ஞாயிற்றுக்கிழமை யாருக்கு டூட்டி என்று வரும்போது அதே பாசம் மற்றவர்களுக்கு அநியாயமாகத் தெரியும். சாதி, ஊர், உறவு பார்த்து முடிவெடுப்பதாகச் சந்தேகம் வந்துவிட்டால், அதன் பிறகு தலைவர் எது சொன்னாலும் எடுபடாது. பெருநகர அலுவலகங்களிலும் கல்லூரி, மொழி என்று இதற்கு வேறு பெயர்கள் உண்டு.

மருந்து, வெளிப்படைத்தன்மை. லீவு, ஷிப்ட் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வைப்பது. சிரமமான டூட்டியைச் சுழற்சி முறையில் தருவது, அந்தச் சுழற்சியில் தலைவர் தன் பெயரையும் சேர்ப்பது. கூப்பிடும் முறையும் ஓர் அளவுகோல்தான். அதிகாரியை "சார்" என்றும், வயதில் மூத்த துப்புரவுப் பணியாளரை "ஏய்" என்றும் கூப்பிடும் இடத்தில், மரியாதை பதவிக்குத்தான், மனிதருக்கு அல்ல என்ற பாடத்தை எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். "அக்கா", "அண்ணே", அல்லது பெயரோடு "நீங்க". இதற்குப் பட்ஜெட் தேவையில்லை.

7. கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்

ஆலோசனைப் பெட்டி வைத்து, அதைத் திறக்காமலேயே விடும் அலுவலகங்கள் ஏராளம். கேட்காமல் இருப்பதைவிடக் கேட்டுவிட்டுக் கிணற்றில் போட்ட கல்லாக இருப்பது மோசம். ஊழியர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பதில் ஒரு வாரத்துக்குள் போக வேண்டும்: செய்துவிட்டோம், இந்தத் தேதிக்குள் செய்வோம், செய்ய முடியாது, காரணம் இது. "முடியாது" என்ற நேர்மையான பதிலையும் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்வார்கள். மௌனத்தைத்தான் ஏற்க மாட்டார்கள்.

பழக்கம் மட்டும் போதுமா?

போதாது. சில விஷயங்கள் தலைவரின் நல்ல மனதைப் பொறுத்தவை அல்ல, உரிமைகள். இருக்கை வசதி அதில் ஒன்று. வார விடுமுறையும், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வேலை நேர வரையறையும் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்திலேயே இருக்கின்றன.

பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். அதற்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் கடைகளிலும் நிறுவனங்களிலும் இருப்பவர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். பொதுவாகச் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்துபூர்வமாகப் புகார் தர வேண்டும். குழுவில் இருப்பவர்களின் பெயரும் தொடர்பு விவரமும் ஊழியர்கள் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதும் தலைமையின் வேலை.

எங்கே தொடங்குவது?

ஏழையும் திங்கட்கிழமையே தொடங்கினால் ஏழும் வெள்ளிக்கிழமைக்குள் நின்றுவிடும். முதல் வாரம் ஒன்றே ஒன்று: காலை 10 நிமிடப் பேச்சு. இரண்டாவது வாரம், அதில் வந்த குறைகளுக்குப் பதில் சொல்வது. மூன்றாவது வாரம், இரவுச் செய்திகளை நிறுத்துவது. மற்றவை ஒவ்வொன்றாகச் சேரட்டும்.

முன்னேற்றம் தெரிகிறதா என்று பார்க்கக் கணக்கெடுப்பும் மதிப்பெண்ணும் தேவையில்லை. 'போன மாதம் எனக்கு எத்தனை கெட்ட செய்திகள் வந்தன? அவற்றில் எத்தனை, சரிசெய்ய நேரம் இருக்கும்போதே வந்தன?' என்று தலைவர் தன்னையே கேட்டுப் பார்த்தால் போதும். ஒன்றுகூட வரவில்லை என்றால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று மகிழ வேண்டாம். யாரோ எதையோ சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். நாளைக் காலை போய், "என்னப்பா, எதுவும் சிக்கல் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள்.